தந்தை விட்டுச் சென்ற துப்பாக்கி: முதலில் ஒப்படைப்பு, பிறகே உரிமம்

கேள்வி: நாங்கள் பேரையூர் வட்டத்தில் சாப்டூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வசிக்கிறோம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, பின்னர் வங்கிக் காவலராக வேலை பார்த்த எங்கள் அப்பா கடந்த தை மாதம் காலமானார். அவர் பெயரில் உரிமம் பெற்ற இரட்டைக் குழல் 12 போர் (குழலின் விட்ட அளவு) துப்பாக்கியும் சில தோட்டாக்களும் பீரோவில் இருக்கின்றன. உரிமப் புத்தகத்தில் அடுத்த ஆண்டு வரை செல்லும் என்று இருப்பதால், அதுவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் உறவினர்கள். இந்த ஆண்டு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த என் தம்பி அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு காவலர் வேலைக்குப் போக நினைக்கிறான். தாத்தா காலத்து மருந்து இடிக்கும் துப்பாக்கி ஒன்றும் எந்தக் காகிதமும் இல்லாமல் பரணில் கிடக்கிறது. கடலைக்காட்டைக் காட்டுப்பன்றி அழிக்கிறது. உரிமம் மாறிய பிறகு அதற்கு இந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்தலாமா?

பதில்: உறவினர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். உரிமப் புத்தகத்தில் இருக்கும் தேதி உங்கள் அப்பாவுக்காக எழுதப்பட்டது. அவர் இறந்த அன்றே அந்த உரிமத்தால் பயன்பெறக் கூடியவர் யாரும் இல்லாமல் போய்விட்டார். இந்த இடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குகின்றன. துப்பாக்கி ஒரு சொத்து. நிலத்தையும் நகையையும் போல அது அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் வாரிசுரிமையாக வந்து சேர்கிறது. ஆனால் அதைக் கையில் வைத்திருக்கும் உரிமை சொத்துரிமையோடு சேர்ந்து வருவதில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, உரிமம் பெற்ற ஆள் மட்டுமே துப்பாக்கியை வைத்திருக்கலாம் என்கிறது. ஆகவே இன்றைய நிலையில் அந்தத் துப்பாக்கியின் உரிமையாளர்கள் நீங்கள். ஆனாலும் அதை வீட்டில் வைத்திருக்கும் அதிகாரம் உங்களில் ஒருவருக்கும் கிடையாது.

இப்படிப்பட்ட நிலைக்காகவே அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு இருக்கிறது. உரிமக் காலம் முடிந்ததாலோ, உரிமம் ரத்தானதாலோ, வேறு எந்தக் காரணத்தாலோ ஓர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாததாகிவிட்டால், தேவையற்ற தாமதமின்றி அதை அருகிலுள்ள காவல் நிலையத்தின் பொறுப்பு அதிகாரியிடமோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. உரிமதாரரின் மரணமும் அந்த 'வேறு எந்தக் காரணம்' என்பதற்குள் அடங்கும். ஒப்படைக்கத் தவறுவது தனிக் குற்றம். உரிமமின்றி வைத்திருந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். தைக்குப் பிறகு மாதங்கள் ஓடிவிட்டனவே என்று அஞ்சி இன்னும் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. துக்கத்திலும் அறியாமையிலும் தாமதமாகிவிட்டது என்று நீங்களாக எழுதிக் கொடுத்து ஒப்படைப்பதை ஒரு விதமாகவும், வேறு ஏதோ விசாரணைக்கு வந்த காவலர் பீரோவில் கண்டெடுப்பதை வேறு விதமாகவும்தான் அதிகாரிகளும் நீதிமன்றமும் பார்க்கிறார்கள். உறவினர் வீட்டில் கொடுத்து வைப்பதும் உதவாது. ஆயுதம் நேரடியாகக் கையில் இல்லாவிட்டாலும் அதன்மேல் கட்டுப்பாடு இருந்தால் அதுவும் உடைமையே என்பதை உச்ச நீதிமன்றம் 1972-இலேயே குன்வந்த்லால் வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. அப்படிச் செய்தால் வாங்கி வைத்த உறவினரும் உங்களோடு சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

ஒப்படைக்க எடுத்துச் செல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உரிமதாரரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, பழுது பார்க்கவோ உரிமத்தைப் புதுப்பிக்கவோ வேறொருவர் துப்பாக்கியைக் கொண்டு செல்லலாம் என்று சட்டம் விலக்கு அளிக்கிறது. அனுமதி தர அப்பா இல்லாததால் அந்த விலக்கை நீங்கள் பயன்படுத்த முடியாது. எனவே, ஒரு விண்ணப்பத்தை இரண்டு பிரதிகளாக எழுதி, இறப்புச் சான்றிதழின் நகலையும் உரிமப் புத்தகத்தின் நகலையும் இணைத்து, துப்பாக்கி இல்லாமல் முதலில் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். ஒரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, காவலர் ஒருவர் வந்து பெற்றுக்கொள்கிறாரா அல்லது இந்த நாளில் இந்த நேரத்தில் நீங்கள் கொண்டு வர வேண்டுமா என்று கேட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

எடுக்கும் வேலையைத் தம்பியிடம் விடுங்கள். குழலைத் தரையை நோக்கிப் பிடித்து, நெம்புகோலைத் தள்ளித் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு அறைகளும் காலியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திறந்த நிலையில் குழல்களின் அடிப்பாகத்திலும் உடற்பகுதியிலும் பொறித்திருக்கும் எண்கள் கண்ணுக்குத் தெரியும். அவை உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்று அப்போதே சரிபார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். துரு ஏறி எண் மங்கியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் தனிக் குற்றம் என்பதால், நல்லெண்ணத்தில் செய்த சுத்தமும் சந்தேகத்தைக் கிளப்பும். தோட்டாக்களை ஒன்று விடாமல் எண்ணிச் சேர்த்துக் கொடுங்கள். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, பீரோ இழுப்பறையில் நான்கு தோட்டாக்களை மறந்துவிடும் குடும்பங்கள் உண்டு. தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும்.

காவல் நிலையமா, ஆயுத வியாபாரியா என்று கேட்டால், மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்களுக்கு வியாபாரியையே நான் சொல்வேன். கட்டணம் கேட்பார், ஆனால் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார். நிலையத்துக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த துப்பாக்கி திரும்பி வரும்போது குழலுக்குள் எப்படி இருக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. வியாபாரியிடம் கொடுத்தாலும் நிலையத்துக்கும் உரிமம் வழங்கும் அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். எங்கே கொடுத்தாலும் வகை, தயாரிப்பு, எண், தோட்டா எண்ணிக்கை, தற்போதைய நிலை ஆகியவை எழுதிய ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். ஒப்படைத்ததை மறந்தும் விடாதீர்கள். விதிக்கப்பட்ட காலத்துக்குள் உரிமம் பெற்றுத் திரும்ப வாங்காமலும் விற்காமலும் இருந்தால், முப்பது நாள் அவகாசத்தில் விளக்கம் கேட்கும் அறிவிப்பை அனுப்பிவிட்டு அதை அரசுடைமையாக்க மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு.

இனி தம்பியின் விஷயம். பெயர் மாற்றம் என்று எல்லோரும் சொன்னாலும், பட்டா மாறுவதைப் போல உரிமம் மாறுவதில்லை; தம்பி பெயரில் புதிதாக ஓர் உரிமம் வழங்கப்படுகிறது, அவ்வளவுதான். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25-ஆவது விதி, உரிமதாரர் இறந்த பிறகு அவருடைய வாரிசுக்கு உரிமம் வழங்க இடம் தருகிறது. உரிமதாரர் எழுபது வயதைத் தொட்டாலோ, இருபத்தைந்து ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசை நியமித்து உரிமம் வழங்கச் செய்ய முடியும் என்பதும் அதே விதிதான். இது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டில் வயதான உரிமதாரர் இருப்பவர்கள் இதை இப்போதே கவனிப்பது நல்லது.

உங்கள் ஊர் மாநகர எல்லைக்கு வெளியே இருப்பதால் விண்ணப்பம் மதுரை மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். மாநகரக் காவல் எல்லைக்குள் இருப்பவர்களுக்குக் காவல் ஆணையர். வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், அம்மா உள்ளிட்ட மற்ற வாரிசுகளின் ஆட்சேபனை இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம், உடல், மன நலத்துக்கான மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, துப்பாக்கியைப் பூட்டிப் பாதுகாப்பதற்கான உறுதிமொழி, ஒப்படைத்த ரசீது ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். தம்பி தம் ராணுவ விடுவிப்புப் புத்தகத்தையும் சேர்க்க வேண்டும். ஆனால் படையில் இருந்தவர் என்பதற்காகவே உரிமம் தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். காவல்துறையின் அறிக்கை கட்டாயம். வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்று, அது முடிந்து ஐந்து ஆண்டுகள் கடக்காதவருக்கும், அமைதி காக்கப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து அந்தக் காலம் முடியாதவருக்கும் உரிமம் கிடையாது. ஊர்த் திருவிழாத் தகராறில் இப்படிப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, அதை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் விண்ணப்பிப்பவர்கள் நம் பக்கத்தில் உண்டு. தம்பிக்கு அப்படி ஏதும் இருந்தால் மறைக்காமல் வழக்கறிஞரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் ஊருக்கென்று கூடுதலாக ஒரு தடை இருக்கிறது. சாப்டூர் மலைப்பகுதி சாம்பல் நிற அணில் சரணாலயத்தைச் சேர்ந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள்ளும் அது வருகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் புதிய ஆயுத உரிமம் வழங்கக் கூடாது. வாரிசுக்கு வழங்குவது புதிய உரிமமா, பழைய உரிமத்தின் தொடர்ச்சியா என்று வாதிட இடமிருந்தாலும், அந்த வாதத்தில் ஆண்டுகளை வீணாக்குவதைவிட, இசைவு கேட்டு வனத்துறைக்கு எழுதும்படி விண்ணப்பத்திலேயே வேண்டிக்கொள்வது புத்திசாலித்தனம். கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று பிறகு தேட வேண்டியிருக்காது.

காவலர் வேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உரிமம் எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு மட்டுமே துப்பாக்கியைப் பயன்படுத்தலாம். தற்காப்புக்கு என்று எழுதி வாங்கிவிட்டு ஒரு நிறுவனத்தின் வாசலில் தூக்கிக்கொண்டு நிற்பது நிபந்தனை மீறல். ஆகவே வேலை தரப்போகும் இடத்தில் என்ன வகை உரிமம் கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதை விண்ணப்பத்தில் நேர்மையாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். உரிமம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறலாம். ஆயுதச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. எதுவும் வேண்டாம் என்று தோன்றினால், ஒப்படைத்த நிலையிலேயே உரிமம் பெற்ற வியாபாரிக்கோ வைத்திருக்கத் தகுதியுள்ளவருக்கோ விற்று, பணத்தை வாரிசுகள் பிரித்துக்கொள்ளலாம். அதுவும் கௌரவக் குறைவான முடிவல்ல.

பரணில் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கிதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. முதல் துப்பாக்கிக்காவது ஒரு காலத்தில் உரிமம் இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. பழமையானது, துருப்பிடித்தது, தாத்தாவின் நினைவு என்பதெல்லாம் காவல் நிலையத்தில் எடுபடாது. ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, வழக்கொழிந்த அமைப்புடைய, தொன்மை மதிப்புள்ள அல்லது சிதைந்த ஆயுதம் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருந்தால் அதற்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் குழலில் ஓட்டை விழாமல், குதிரை (விசையை அழுத்தினால் அடிக்கும் சுத்தி) அசையும் நிலையில் இருந்தால், ஒரு கொல்லர் அரை நாளில் சரிசெய்துவிடுவார் என்று தடயவியல் நிபுணர் எழுதிவிட்டாலே அந்த விலக்கு போய்விடும். அதை நீங்களே சோதித்துப் பார்க்கவும் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் இடித்த மருந்து குழலுக்குள் இன்னும் இருக்கலாம்.

கிணற்றில் போடுவதும், மலையடிவாரத்தில் வீசுவதும், அறுத்துப் பழைய இரும்பில் போடுவதும் பிரச்சினையைப் பெரிதாக்கும். ஒரு வழக்கறிஞர் மூலமாக, அப்பாவின் மறைவுக்குப் பிறகு வீட்டை ஒழுங்குபடுத்தியபோது இது கிடைத்தது என்ற உண்மையை எழுதி, முதல் துப்பாக்கியோடு சேர்த்தே ஒப்படையுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற மலை மாவட்டங்களில், தாமாக முன்வந்து நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைப்பவர்கள்மேல் வழக்கு இல்லை என்று காவல்துறையே அறிவித்ததுண்டு. அத்தகைய அறிவிப்பு இல்லாத இடத்திலும், 3-ஆவது பிரிவை மீறியதாக ஒருவர்மேல் வழக்கு நடத்த மாவட்ட நடுவரின் (மாவட்ட ஆட்சியரின்) முன் அனுமதி வேண்டும் என்று 39-ஆவது பிரிவு கூறுவதால், தாமாக ஒப்படைத்த சூழ்நிலை அந்த அனுமதிக் கட்டத்திலேயே எடுத்துச் சொல்லத் தக்கது.

காட்டுப்பன்றி பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது: கூடாது. பயிர்ப் பாதுகாப்புக்கென்றே உரிமம் வழங்க ஆயுதச் சட்டத்தில் வழி இருப்பது உண்மைதான். ஆயினும் துப்பாக்கி வைத்திருக்கும் அனுமதி வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. இரண்டாவதை வனவிலங்குச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்றவர்தான் தர முடியும். அனுமதியின்றிச் சுட்டால் வேட்டைக் குற்றம் ஆகும். பயன்படுத்திய ஆயுதம் பறிமுதலாகி அரசின் உடைமையாகிவிடும், தம்பியின் உரிமமும் போகும். கடலைக்காடு சேதமானால் கிராம நிர்வாக அலுவலரிடம் சேதத்தைப் பதிந்து, படங்களோடு சாப்டூர் வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள். பன்றித் தொல்லைக்கான நடவடிக்கையையும் அதே மனுவில் கேட்கலாம்.