மச்சாளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம்

கேள்வி: வணக்கம் டொக்டர் அக்கா. நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம். என்ர மச்சாளுக்கு மூண்டு பிள்ளையள், கடைசிக்கு எட்டு மாசம்தான். திரும்பவும் தங்கீட்டுது எண்டு ஆரோ குடுத்த பேர் இல்லாத குளிசையைப் போட்டிட்டா. பத்து நாளா ரத்தம் நிக்கேல்ல, நேற்று குளிர்காய்ச்சலும் வந்திட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போனா பொலிஸ் பிடிக்கும் எண்டு அழுறா. பப்பாசிக்காய் சாப்பிட்டா மிச்சமும் கழுவுப்பட்டுப் போகுமாம் எண்டு அம்மா சொல்லுறா, உண்மையோ?

பதில்: தங்கச்சி, உங்கட கேள்வி கிடைச்ச அண்டைக்கே போன் எடுத்து உடன ஏத்துங்கோ எண்டு சொல்லீட்டன். இதே பயத்தோட கன வீடுகள் இருக்கிறதாலதான் இஞ்சயும் எழுதுறன்.

பப்பாசிக்காய் ஒண்டையும் கழுவாது. உள்ள துண்டு மிச்சமிருந்தா அதில கிருமி பிடிக்கும், அதுதான் குளிர்காய்ச்சல், கெட்ட மணம், அடிவயித்து நோ எல்லாம். ரத்தத்தில கிருமி ஏறினா பிரஷர் விழுந்து சிறுநீரகமும் நிண்டுபோகும், அதுக்கு ஒரு நாள் கூடத் தேவையில்ல. தப்பினாலும் கருக்குழாய் அடைபட்டு பிறகு பிள்ளை தங்காமப் போகலாம். காய்ச்சல் இல்லாட்டியும், மணித்தியாலத்துக்கு ரெண்டு பாட் நனைஞ்சு அது ரெண்டு மணித்தியாலம் தொடர்ந்தா, இல்லாட்டி தலைசுத்தி விழுந்தா பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ, 1990க்கு அடியுங்கோ, அம்புலன்சுக்குக் காசில்ல. ஒரு பக்கமாக் கடுமையா நோகுதெண்டா கரு கர்ப்பப்பையில இல்லாம அந்தக் குழாயிலயும் தங்கியிருக்கலாம், அதுக்குக் குளிசை வேலை செய்யாது, வெடிச்சா உள்ளுக்குள்ளதான் ரத்தம் ஓடும். ஸ்கேன் பண்ணாம கண்டபாட்டுக்கு வாங்கிப் போடுறது பிழை எண்டு நான் கத்துறது இதுக்குத்தான்.

பொலிஸ் கதைக்கு வாறன். எங்கட இலங்கைச் சட்டம் 1883ல வெள்ளைக்காரன்ர காலத்தில எழுதினது, தாயின்ர உயிரைக் காப்பாத்த மட்டும்தான் கலைக்க விடும், 1995ல கொஞ்சம் தளர்த்தப் பாத்தும் சரிவரேல்ல. அந்தப் பயம் சும்மா வந்த பயமில்ல, நானும் மறைக்கேல்ல. ஆனா கலைஞ்சு வந்த ஆளுக்கு வைத்தியம் பாக்கிறது குற்றமில்ல, அரச ஆஸ்பத்திரியில இலவசம். டொக்டருக்கு என்ன குளிசை, எப்ப போட்டது, உள்ள ஏதும் வச்சதோ எண்டு உள்ளதைச் சொல்லோணும், பேசுவினம் எண்டு ஒளிச்சா மருந்து பிழைச்சுப்போகும். சில இடத்தில பேசுறவைதான், அது எங்கட ஆக்கள்ற பிழை, உங்கட மச்சாளின்ர பிழையில்ல.

இன்னொண்டு, கலைஞ்சு ரெண்டு கிழமைக்குள்ளயே திரும்பத் தங்கலாம். பால் குடுக்கிறன், பீரியட் வரேல்ல எண்டு நம்புறது முதல் ஆறு மாசத்துக்குத்தான், அதுவும் முழுசாத் தாய்ப்பால் குடுத்தா. அதால வார்டை விட்டு வர முதலே, திரும்பத் தங்காம இருக்க மூண்டு மாசத்து ஊசியோ, கையில தோலுக்குக் கீழ வைக்கிறதோ, கர்ப்பப்பையில வைக்கிற லூப்போ எண்டு கதைச்சு முடியுங்கோ. வீட்டுக்கு வாற மிட்வைஃப் அக்காவிட்டயும் கேக்கலாம், எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில காசில்ல. உங்கட அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ, கொண்டம் அவருக்கும்தான்.