பிரெக்சிட்டில் மக்கள் தீர்ப்பை நாடாளுமன்றம் தடுத்ததா? வாக்காளர்கள் விவரம் தெரியாமல் ஓட்டுப் போட்டார்களா?

கேள்வியின் சுருக்கம்: "மக்கள் 2016இலேயே முடிவைச் சொல்லிவிட்டார்கள், மூன்றரை ஆண்டு இழுத்தடித்தது எம்.பி.க்கள்தான்" என்கிறது ஒரு தரப்பு. "படிப்பறிவில்லாதவர்கள் போட்ட ஓட்டு அது, நாடாளுமன்றம் அதைத் தடுத்திருக்க வேண்டும்" என்கிறது இன்னொரு தரப்பு. எது சரி?

இரண்டுமே குறி தவறிய குற்றச்சாட்டுகள். பிரெக்சிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறுவது பற்றி, 2016 ஜூன் 23 அன்று பொதுவாக்கெடுப்பில் வாக்காளரிடம் கேட்கப்பட்டது பாதிக் கேள்வி. அந்தப் பாதிக்கு அவர்கள் தெளிவாகப் பதில் சொன்னார்கள். மீதிப் பாதி, அதாவது வெளியேறி எங்கே போவது என்பது, யாரிடமும் கேட்கப்படாமலே நாடாளுமன்றத்தின் தலையில் வந்து விழுந்தது. அதன் பிறகு நடந்த சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான்.

வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே வாக்கியம்: ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராகத் தொடர வேண்டுமா, அதிலிருந்து வெளியேற வேண்டுமா? 72.2 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். வெளியேறச் சொன்னவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர், 51.9 சதவீதம். தொடரச் சொன்னவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர், 48.1 சதவீதம். ஒன்றியத்தை விட்டபின் அதன் ஒற்றைச் சந்தையில் (சரக்கும் சேவையும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஏற்பாடு) இருப்பதா, சுங்க ஒன்றியத்திலாவது (உள்ளே சுங்கவரி இல்லை, வெளிச் சரக்குக்கு ஒரே வரி) இருப்பதா, அயர்லாந்துத் தீவின் குறுக்கே ஓடும் சுமார் 500 கி.மீ. எல்லையில் சரக்குச் சோதனையை எப்படித் தவிர்ப்பது என்பவற்றுக்கெல்லாம் அந்தச் சீட்டில் இடமில்லை. நார்வே ஒன்றியத்தில் இல்லை, ஒற்றைச் சந்தையில் இருக்கிறது. துருக்கி ஒன்றியத்தில் இல்லை, தொழிற்பொருள்களுக்குச் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. கனடாவுக்கு இருப்பது வணிக ஒப்பந்தம் மட்டும். மூன்றுமே "வெளியே" என்ற சொல்லுக்குள் அடங்கும்.

சட்டம் என்ன சொன்னது என்பதையும் பார்க்க வேண்டும். 2011இல் பிரிட்டனில் தேர்தல் முறையை மாற்றலாமா என்று ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. அதற்கான சட்டத்தில், "ஆம்" வென்றால் புதிய முறையை நடைமுறைக்குக் கொண்டுவரும் ஆணையை அமைச்சர் பிறப்பித்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மக்கள் "இல்லை" என்றதால் அதற்கு வேலை வரவில்லை. பிரெக்சிட்டுக்கான 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. முடிவு வந்தபின் யார், எதை, எந்தக் கெடுவுக்குள் செய்ய வேண்டும் என்பதில் சட்டம் வாய் திறக்கவில்லை. ஆனால் வீடு வீடாக அனுப்பிய துண்டறிக்கையில், நீங்கள் எடுக்கும் முடிவை நிறைவேற்றுவோம் என்று அரசு வாக்குக் கொடுத்தது. சட்டப்படி அது ஆலோசனை வாக்கெடுப்பு, அரசியல்படி கொடுத்த வாக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. விவாதங்களில் ஒவ்வொருவரும் தமக்குத் தோதான பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினார்கள்.

வழக்கு இங்கேதான் முளைத்தது. ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவின்படி வெளியேறும் அறிவிப்பை, நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அரசே கொடுக்கலாமா என்பது கேள்வி. வெளிநாட்டு ஒப்பந்தங்கள் அரசின் தனியதிகாரத்துக்கு உட்பட்டவை என்றது அரசு. ஜீனா மில்லர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2016 நவம்பர் 3 அன்று அதை மறுத்தது. மறுநாளே ஒரு லண்டன் நாளிதழ் அந்த மூன்று நீதிபதிகளையும் மக்களின் எதிரிகள் என்று முதல் பக்கத்தில் போட்டது. நீதிபதிகள் பிரெக்சிட் நல்லதா கெட்டதா என்று பார்க்கவே இல்லை. ஐரோப்பியச் சட்டத்தைப் பிரிட்டனுக்குள் கொண்டுவந்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடாளுமன்றம் குடிமக்களுக்குத் தந்த உரிமைகளை, நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அமைச்சர்கள் பறிக்க முடியாது என்பதே அவர்கள் சொன்னது. 2017 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் 8க்கு 3 என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது.

அறிவிப்பைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது என்று அந்த வழக்கில் இரு தரப்புமே ஒப்புக்கொண்டு வாதிட்டன. முடியும், அதுவும் பிரிட்டன் தனியாகவே முடிவெடுத்துத் திரும்பப் பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 டிசம்பர் 10 அன்று சொன்னது. பெரிய பெரிய வழக்கறிஞர்களே தவறாகப் புரிந்துகொண்டிருந்த ஒன்றைச் சாதாரண வாக்காளர் அறிந்திருக்கவில்லை என்று குறை சொல்வது எந்த வகையில் நியாயம்?

சரி, நாடாளுமன்றம் தடுத்ததா? எண்களைப் பார்ப்போம். அறிவிப்பைக் கொடுக்க அனுமதிக்கும் மசோதா 2017 பிப்ரவரி 1 அன்று இரண்டாம் வாசிப்பில் 498க்கு 114 என்று தேறியது. எம்.பி.க்களில் பெரும்பான்மையினர் ஒன்றியத்தில் தொடர வேண்டும் என்று நினைத்தவர்கள், ஆனாலும் வெளியேறும் வழியைத் திறந்துவிட்டார்கள். மார்ச் 29 அன்று அறிவிப்பு போனது, இரண்டாண்டுக் கெடு ஓடத் தொடங்கியது. எந்த மாதிரி வெளியேறுவது என்று முடிவு செய்யாமலே கடிகாரத்தை ஓடவிட்டதுதான் நாடாளுமன்றம் செய்த பெரிய தவறு என்பேன். போதாக்குறைக்கு, அதே ஆண்டு ஜூனில் தேர்தல் வைத்துப் பிரதமர் தெரசா மே தன் பெரும்பான்மையையும் இழந்தார். வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சியுடைய 10 எம்.பி.க்களை நம்பியே ஆட்சி நடந்தது.

அடுத்து வரும் எண்களைப் படிக்க ஒரு கணக்கு தெரிய வேண்டும். மொத்த இடம் 650. இதில் சின் ஃபெய்ன் கட்சியின் 7 பேர் அவைக்கு வருவதில்லை. சபாநாயகரும் மூன்று துணைச் சபாநாயகர்களும் ஓட்டுப் போடுவதில்லை. மிச்சம் 639, ஆகவே பெரும்பான்மைக்கு 320. ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் தரப்புக்கு இருவராக எண்ணுபவர்கள் நான்கு பேர் உண்டு. அவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள்.

ஒன்றியத்தோடு மே பேசி முடித்த வெளியேறும் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று 202க்கு 432 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் 118 பேர் மேயின் சொந்தக் கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்கள். இந்த 432ஐ ஒரே கூட்டமாகப் பார்ப்பதுதான் பலர் செய்யும் பிழை. ஒன்றியத்தை விடவே கூடாது என்பவரும், இந்த ஒப்பந்தம் போதுமான அளவு விலகவில்லை என்பவரும் ஒரே பக்கம் நின்று எதிர்த்த கணக்கு அது. முதல் இரண்டு முறையும் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் வெளியேறும் பிரசாரத்தின் முகமான போரிஸ் ஜான்சனும் ஒருவர். மார்ச் 12 அன்று இரண்டாம் முறையாக 242க்கு 391. மார்ச் 29 அன்று, ஜான்சன் ஆதரித்த பிறகும், 286க்கு 344. மூன்றாம் முறை கட்சியை மீறிய 34 கன்சர்வேட்டிவ் எம்.பி.க்களில் பெரும்பகுதியினர் தீவிரமாக வெளியேற விரும்பியவர்கள். எதிர்த்தவர்களில் 30 பேர் மாறி ஓட்டுப் போட்டிருந்தால் பிரெக்சிட் அந்த வசந்தத்திலேயே முடிந்திருக்கும். தொடர விரும்பியவர்கள்தான் தடுத்தார்கள் என்ற கதை இந்த இடத்தில் நிற்காது.

அப்படியானால் அவைக்கு எதுதான் வேண்டும்? அதைக் கண்டுபிடிக்க மார்ச் 27 அன்று எட்டு யோசனைகளைத் தனித்தனியாக வாக்குக்கு விட்டார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கை மட்டும் எடுத்தார்கள், நான்கும் தோற்றன. சுங்க ஒன்றியத்தில் இருப்பது என்ற யோசனை 273க்கு 276, மூன்றே ஓட்டு. ஒப்பந்தத்தை மறுபடி மக்கள் வாக்குக்கு விடுவது 280க்கு 292. முறையிலேயே கோளாறு இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று மட்டும் கேட்டால், தன் இரண்டாம் விருப்பத்தையும் "இல்லை" என்று வீழ்த்தினால்தான் முதல் விருப்பம் பிழைக்கும் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போடுவார்கள். 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதச் சொல்லி, கடைசியில் நிற்பதை ஒவ்வொன்றாக நீக்கியிருந்தால் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும். ஏப்ரல் 3 அன்று, இன்னொரு நாள் இப்படி வாக்கெடுக்கலாமா என்பதே 310க்கு 310 என்று சமநிலையில் நின்றது. சபாநாயகர் ஜான் பெர்கோவ் மரபுப்படி எதிர்த்து ஓட்டளித்தார். அதே இரவு, கெடுவை நீட்டிக்கக் கோரும்படி பிரதமரைக் கட்டாயப்படுத்தும் மசோதா 313க்கு 312 என்று ஒரே ஓட்டில் தேறியது.

நாடு ஏறக்குறைய சரிபாதியாகப் பிளந்திருந்தது. அவையும் அப்படியே பிளந்திருந்தது. இதைத் துரோகம் என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேக்குப் பின் பிரதமரான ஜான்சனின் அரசு 2019 செப்டம்பரில் நாடாளுமன்றத்தை மூடிவைத்தது வேறு ரகம். தமிழில் இதை ஒத்திவைப்பு என்று எழுதினால் பொருள் மாறிவிடும். ஒத்திவைப்பு என்றால் அவை பிறகு கூடும், நடுவில் குழுக்கள் வேலை செய்யலாம். இது கூட்டத்தொடரையே முடித்துவைப்பது. அவை, குழு, அமைச்சரிடம் கேள்வி எல்லாம் நின்றுபோகும், நிறைவேறாத மசோதாக்கள் பொதுவாகக் காலாவதியாகும். வழக்கமாகச் சில நாள் நடக்கும் இந்தச் சடங்கை ஐந்து வாரத்துக்கு நீட்டினார்கள், அதுவும் வெளியேற நீட்டிக்கப்பட்ட அக்டோபர் 31 கெடு நெருங்கும்போது. செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றனர். அரசைக் கேள்வி கேட்கும் வேலையை நாடாளுமன்றம் செய்யவிடாமல் தடுப்பதற்குத் தக்க காரணம் காட்டப்படவில்லை என்பதே அடிப்படை. மறுநாளே அவை கூடியது.

முடிச்சு கடைசியில் அவிழ்ந்தது தேர்தலில். 2019 டிசம்பர் 12 அன்று கன்சர்வேட்டிவ் கட்சி 43.6 சதவீத ஓட்டில் 365 இடங்களைப் பிடித்தது. 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு பிரிட்டன் வெளியேறியது.

இனி வாக்காளரின் அறிவு பற்றி. இதுதான் இரண்டில் அதிகம் காயப்படுத்திய வாதம், அதிகம் பலவீனமான வாதமும் இதுவே.

முதல் ஆதாரமாகக் காட்டப்படுவது கல்வி. பட்டதாரிகள் தொடரவும், பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் வெளியேறவும் அதிகம் ஓட்டுப் போட்டது உண்மை. ஆனால் கருத்துக்கணிப்புகள் நடத்தும் லார்ட் ஆஷ்கிராப்ட் 12,369 பேரிடம் வாக்களிப்பு நாளில் எடுத்த கணிப்பில், பட்டதாரிகளில் தொடரச் சொன்னவர்கள் 57 சதவீதம்தான். அப்படியென்றால் நூறு பட்டதாரிகளில் 43 பேர் வெளியேறச் சொன்னார்கள். பட்டம் என்பது வயதையும் காட்டும் அளவுகோல் என்பதை மறக்கக் கூடாது. 1960களில் பள்ளி முடித்த பிரிட்டிஷ்காரர்களில் மிகச் சிலரே பல்கலைக்கழகம் போனார்கள். அவருக்குப் பட்டம் இல்லை என்பது அவர் பிறந்த ஆண்டைத்தான் பெரிதும் சொல்கிறது. வட்டாரக் கணக்கை ஆளுக்குப் பொருத்துவது இன்னொரு பிழை. லிங்கன்ஷயரின் பாஸ்டனில் 75.6 சதவீதம் வெளியேறச் சொன்னது, லண்டனின் லாம்பெத்தில் 78.6 சதவீதம் தொடரச் சொன்னது. அதை வைத்துப் பாஸ்டனில் இருக்கும் ஒரு தனிமனிதரின் அறிவை அளக்க முடியாது.

முடிவு வந்த மறுநாள், "ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன" என்று பிரிட்டனே கூகுளில் தேடியதாக ஒரு செய்தி உலகம் சுற்றியது. கூகுள் டிரெண்ட்ஸ் காட்டுவது ஒப்பீட்டு ஏற்றத்தை, ஆள்கணக்கை அல்ல. தேடியவர் ஓட்டுப் போட்டவரா, எந்தப் பக்கம் போட்டார், பள்ளி மாணவரா என்று அதிலிருந்து சொல்லவே முடியாது.

விவரம் குறைவாக இருந்ததா என்றால், இருந்தது, இரு பக்கமும். இப்சோஸ் மோரி என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது, மக்கள்தொகையில் ஒன்றிய நாட்டவர் 15 சதவீதம் என்று சராசரியாக ஊகித்தார்கள். உண்மை 5 சதவீதம் அளவில். தொடர விரும்பியவர்களும் கூட்டித்தான் சொன்னார்கள்.

தவறான எண்ணைக் கையில் கொடுத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். வாரம் 35 கோடி பவுண்ட் ஒன்றியத்துக்குப் போகிறது என்று வெளியேறும் தரப்பு பேருந்தில் எழுதியது. பிரிட்டனுக்குரிய தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது, அந்தத் தள்ளுபடிப் பணம் நாட்டை விட்டுப் போவதே இல்லை. கழித்தால் சுமார் 25 முதல் 28 கோடி. உழவர்களுக்கும் பின்தங்கிய பகுதிகளுக்கும் திரும்பி வருவதையும் கழித்தால் இன்னும் குறையும். அந்த எண் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று அரசின் புள்ளிவிவர ஆணையமே சொன்னது. மறுபக்கம், வெளியேறினால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்ட் இழப்பு என்றது நிதியமைச்சகம். 2030 வாக்கில் பொருளாதாரம் எவ்வளவு குறைவாக வளர்ந்திருக்கும் என்பதைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்து வந்த எண் அது. குடும்பத்தின் கையிருப்பு அவ்வளவு குறையும் என்று பொருளல்ல. ஓட்டுப் போட்ட கையோடு மந்தநிலை வரும், ஐந்து லட்சம் பேர் வேலை இழப்பார்கள் என்றும் எச்சரித்தார்கள். பவுண்ட் சரிந்தது, அந்த மந்தநிலை வரவில்லை.

ஆஷ்கிராப்ட் கணிப்பிலேயே இன்னொரு விவரம் உண்டு. வெளியேறச் சொன்னவர்களில் 49 சதவீதம் பேர் தங்கள் முதல் காரணமாகச் சொன்னது, பிரிட்டனைப் பற்றிய முடிவுகளைப் பிரிட்டனிலேயே எடுக்க வேண்டும் என்பது. சரியோ தவறோ, அது அறியாமையில் வரும் காரணம் அல்ல. பொருளாதாரப் புத்தகம் எதுவும் அதைப் பொய்யாக்கவும் முடியாது.

பாதியை விடாமல் முழுக் கேள்வியையும் மக்களிடம் கேட்பது எப்படி என்பதற்கு, பக்கத்து அயர்லாந்தில் பொதுவாக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்கலாம். அங்கே அரசியலமைப்புத் திருத்த மசோதாவை முதலில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்ற வேண்டும், அந்த வாசகத்துக்குத்தான் மக்கள் ஓட்டுப் போடுவார்கள். 2018இல் கருக்கலைப்புத் தடையை நீக்கும் வாக்கெடுப்புக்கு முன், 99 குடிமக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் நிபுணர்களைக் கேட்க வைத்தார்கள். "ஆம்" வென்றால் என்ன சட்டம் வரும் என்பதன் வரைவை வாக்களிப்புக்கு முன்பே அரசு வெளியிட்டது. கட்சி சாராத ஆணையம் ஒன்று இரு பக்க விவரத்தையும் விளக்கியது. மே 25 அன்று 66.4 சதவீதம் பேர் "ஆம்" என்றார்கள், டிசம்பர் 20 அன்று அந்தச் சட்டம் கையெழுத்தானது.