படுத்திருக்கும் காற்றுக் கோபுரம்

அன்புள்ள அண்ணன்,

பதினாறு வருஷம் துபாயில் இருந்துவிட்டுப் போன ரம்ஜானோடு ஊருக்கே வந்துவிட்டேன். தேராவில் எட்டுப் பேர் தங்கும் அறையில், மேல் கட்டிலில் படுத்தே காலம் போனது. லீவு நாளில் ஒரு திர்ஹம் கொடுத்து ஆப்ரா என்ற படகில் ஏறி, க்ரீக் என்ற கடற்கழியைக் கடந்து, பஸ்தகியா பக்கம் போய் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சந்துகளும், மேலே வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் காற்றுக் கோபுரம் வைத்த வீடுகளும்தான் அந்த ஊரில் என் மனசுக்குப் பிடித்த இடம். வெளியே வெயில் கொளுத்தும்போது கோபுரத்தடியில் நின்றால் சட்டை அசையும்.

இப்போது கூத்தாநல்லூர் பக்கம் முப்பதுக்கு எழுபது மனையில் வீடு கட்டப் போகிறேன். அதில் அப்படி ஒரு கோபுரம் வேண்டும் என்றேன். இன்ஜினியர் சிரித்துவிட்டார். “பாய், பள்ளிவாசல்னு நெனச்சு செருப்பக் கழட்டிட்டு வந்துருவாங்க” என்றார். வீட்டிலும் அதே சிரிப்பு. நீங்கள் துபாய் வந்துபோன பிறகு அந்த வீடுகளைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். நீங்களே சொல்லுங்கள். பாலைவனத்து வீட்டை நம் ஊரில் கட்டலாமா? பிளான் இணைத்திருக்கிறேன்.

அ.,
கூத்தாநல்லூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் இன்ஜினியர் சிரித்திருக்கக் கூடாது. கோபுரம் வேண்டாம் என்றுதான் நானும் சொல்லப் போகிறேன், ஆனால் அது சிரித்துத் தள்ளுகிற கேள்வி இல்லை.

நான் அங்கே போனது ஒரு செப்டம்பரில். கூட்டத்துக்கு அழைத்த நண்பர்கள் புர்ஜ் கலீஃபாவைக் காட்டாமல் அனுப்புவதில்லை என்று நின்றார்கள். பார்த்தேன், கழுத்து வலித்தது. மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் நீங்கள் சொல்லும் அதே படகில் ஏறி அந்தப் பக்கம் போனேன். இப்போது அல் ஃபஹிதி என்று பலகை வைத்திருக்கிறார்கள். நீங்கள் பஸ்தகியா என்றே எழுதியிருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம், ஏனென்றால் கதை அந்தப் பெயரில்தான் இருக்கிறது. தெற்கு ஈரானில் பஸ்தக் என்று ஓர் ஊர். அந்தப் பக்கத்துத் துறைமுகங்களில் வரி ஏறிக்கொண்டே போனபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயத்திலிருந்து அங்கிருந்த வணிகர்கள் கடல் கடந்து, வரிச்சலுகை கொடுத்த துபாய்க்கு வந்து க்ரீக் கரையில் வீடு கட்டிக்கொண்டார்கள். ஊரில் பார்த்துப் பழகிய காற்றுக் கோபுரத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். நீங்கள் இப்போது கேட்பதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அவர்கள் செய்துவிட்டார்கள். அவர்கள் சொந்த ஊர் வீட்டைப் பிழைக்கப் போன ஊருக்குத் தூக்கிப் போனார்கள், நீங்கள் பிழைக்கப் போன ஊர் வீட்டைச் சொந்த ஊருக்குக் கொண்டுவரப் பார்க்கிறீர்கள்.

ஆனால் அவர்கள் அப்படியே கொண்டுவரவில்லை. ஈரானுக்கு உள்ளே, யஜ்த் நகரத்தில் எல்லாம் மண். சுவர் மண், கோபுரமும் சுடாத பச்சைச் செங்கல். தௌலதாபாத் தோட்டத்தில் உள்ள கோபுரம் 33 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அங்கே பல இடங்களில் கீழிறங்கும் காற்றைத் தண்ணீர்மேல் தடவவிட்டுக் குளிரவைப்பார்கள். துபாய்க்கு வந்தவர்களுக்கு அந்த மண்ணும் இல்லை, அந்தத் தண்ணீரும் இல்லை. கடலில் இருந்து பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். உள்ளே பொடிப்பொடி ஓட்டையாக இருப்பதால் அது சூட்டைச் சட்டென்று உள்ளே விடாது. அதன்மேல் ஜிப்சம் பூச்சு. கூரைக்கு, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த சந்தல் என்ற கழி. பெயரைக் கேட்டுச் சந்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், நம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் தூரத்து உறவு அது. கழியின் நீளம் பத்துப் பன்னிரண்டடிக்கு மேல் போகாததால் அறையின் அகலமும் போகவில்லை. நம் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தின் அகலத்தைப் பனங்கை முடிவு செய்ததுபோலத்தான்.

கோபுரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தீர்களா? உள்ளே பெருக்கல் குறிபோல இரண்டு சுவர்கள் குறுக்கிட்டு, கோபுரத்தை நான்கு குழாயாகப் பிரித்திருக்கும். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அந்தப் பக்கத்துக் குழாய் அதைப் பிடித்துக் கீழே தள்ளும். எதிர்ப் பக்கத்துக் குழாய் அறைக்குள் இருக்கும் சூட்டை மேலே இழுத்துவிடும். காற்றே இல்லாத நேரத்தில் வெறும் புகைபோக்கியாக நின்று சூட்டை வெளியேற்றும். குளிர்காலத்தில் அடியைப் பலகை வைத்து மூடிவிடுவார்கள். மோட்டார் கிடையாது, பில் கிடையாது. இவ்வளவு இருந்தும், கோடை முற்றினால் வசதியுள்ளவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பேரீச்சந் தோப்புகளுக்கு ஓலைக் குடிசை தேடிப் போய்விடுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பர்ஜீல் என்று அவர்கள் சொல்லும் இந்தக் கோபுரம் மந்திரக்கோல் இல்லை.

இங்கேதான் உங்கள் இன்ஜினியர் யோசிக்காமல் விட்ட ஒரு விஷயம் வருகிறது. பாலைவனம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். ஜெய்சல்மேரில் ஒரு டிசம்பரில் நாலு நாள் இருந்தேன். அது வறண்ட பாலைவனம். பகலில் தோல் உரியும், இரவில் போர்வை தேடும். அந்த ஊருக்குக் கனத்த மஞ்சள் கல் சுவர் சரி. பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி குளிரில் விட்டுவிடும். பட்வா குடும்பத்து ஹவேலிகளில், அதாவது மாளிகைகளில், காற்றுக்காகத் துளைத்துச் செதுக்கிய கல் ஜாலியைப் பார்த்தால் கல்லா, பூவேலையா என்று தடவிப் பார்க்கத் தோன்றும். துபாய் அப்படி இல்லை. மணலுக்குப் பக்கத்திலேயே கடல். வேர்வை காயாது. ராத்திரியும் ஈரச் சூடு. அந்த ஊருக்குக் கனத்த சுவரைவிட, உடம்பின்மேல் ஓடுகிற காற்றுதான் மருந்து. வேர்வை காயாத ஊர் என்றால் நாகப்பட்டினமும் திருவாரூரும் வேறென்ன? அந்த வகையில் ஜெய்சல்மேரைவிடப் பஸ்தகியா நமக்கு நெருங்கிய சொந்தம். நீங்கள் கோபுரத்தடியில் நின்று ஊரை நினைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? மழை. துபாய்க்கு வருஷத்துக்கு 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான். நமக்கு 1000-க்கு மேல், அதிலும் பெரும்பாதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள். அதுவும் நேராகப் பெய்யும் மழையா? சாய்த்து அடிக்கும். நாலு பக்கமும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற கோபுரம், அந்த மழையை நேராக உங்கள் கட்டிலுக்குக் கொண்டுவந்து கொட்டும். 2024 ஏப்ரல் 16 அன்று ஒரே நாளில் பெய்த மழைக்குத் துபாயே மிதந்ததை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். நமக்கு அது ஒரு கார்த்திகை வாரம்.

ஜெய்சல்மேர்க் கோட்டையிலும் இதே பாடம்தான், தலைகீழாக. குடம் கொண்டு தண்ணீர் சுமந்த காலத்துக்குக் கட்டிய கோட்டை அது. குழாய்த் தண்ணீர் வந்தது, ஹோட்டல்கள் வந்தன, சாக்கடை சரியில்லை. தண்ணீர் அடியில் இறங்கி, குன்றின் களிமண் ஊறி, சுவர்கள் சரிந்தன. தண்ணீர்க் கணக்கு மாறினால் எட்டு நூற்றாண்டுக் கோட்டையும் தாங்காது.

இன்னொன்று புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வந்தபோது நீங்கள் அங்கே இருந்திருப்பீர்கள். நான் இங்கே கூடத்து மூலையில் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓடுகள் சீட்டுக்கட்டுபோலப் பறந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஓடு போட யாரும் தயாராக இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் காற்றில் மொட்டை மாடிக்கு மேல் பதினைந்தடி உயரத்தில் துவாரங்களோடு ஒரு தூண் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, நம் ஊரில் காற்றைப் பிடிக்கத் தெரியாமலா இருந்தார்கள்? சிலப்பதிகாரத்தில் புகாரின் மருவூர்ப்பாக்கத்தைச் சொல்லும் இடத்தில் ‘மான்கண் காலதர் மாளிகை’ என்று வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்றின் வழி. ஜன்னல் என்ற சொல்லைப் போர்ச்சுக்கீசியரிடம் வாங்குவதற்கு முன் நம்மிடம் இருந்த சொல் இது. பர்ஜீலைத் தமிழில் சொல்லச் சொன்னால் நான் இதையே எடுத்துக்கொடுப்பேன். இதற்கு அடுத்தாற்போல ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய யவனர் இருப்பிடத்தைச் சொல்கிறார் இளங்கோ. கடல் தாண்டி வந்த வணிகர்களின் பேட்டை ஒரு கழிமுகக் கரையில். க்ரீக் கரையில் நடந்தபோது எனக்கு அந்த வரிதான் ஓடிக்கொண்டிருந்தது.

நம் பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். உங்கள் நன்னாவின் வீடு எப்படி இருந்தது? எங்கள் தாத்தா வீட்டில் தெருவில் நின்றால் கொல்லைக் கிணற்றின் ராட்டினம் தெரியும். வாசல், ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை எல்லாம் ஒரே நூல் பிடித்த கோட்டில். வழியில் எத்தனை கதவோ அத்தனையும் நேருக்கு நேர். சின்ன வயதில் இது வேவு பார்க்க என்றுதான் நினைத்திருந்தேன். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்துகொண்டே கொல்லையில் யார் மாங்காய் பறிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அந்தக் கோடு காற்றுக்குப் போட்டது என்று பின்னால்தான் புரிந்தது. தெருப்பக்கம் வந்த காற்று கொல்லை வழியாக வெளியேறும், நடுவில் முற்றம் சூட்டை மேலே உறிஞ்சிக்கொள்ளும். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, மழையை நடுவில் கொட்டிவிடும். மழையோடு சண்டை போடாமல் அதற்கு வீட்டுக்குள்ளேயே ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள். பஸ்தகியாவில் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது, நம் ஊரில் அது படுத்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய வீடு என்றதும் உருகுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடத்தின் குளுமை யாருக்குக் கிடைத்தது? ரேழியைத் தாண்டி உள்ளே வர முடியாதவர்கள் இருந்தார்கள், தெருவுக்கே வர முடியாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் கீற்றுக் குடிசையில் இருந்தார்கள். கீற்று குளுமைதான். ஆனால் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்த மண் இது. இந்தப் பக்கத்தில் ஒருவர் வாழ்நாள் காசைப் போட்டு கான்கிரீட் தளம் போட்டால், ‘சூடாக இருக்குமே’ என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? துபாயிலும் அதே கதைதான். கோபுரம் வணிகர்களுக்கு. மீன்பிடித்தவர்களும் முத்துக் குளித்தவர்களும் பேரீச்ச மட்டையில் கட்டிய அரீஷ் குடிசையில். இன்றைய கணக்கு என்ன என்பது எட்டுப் பேர் அறையில் மேல் கட்டிலில் படுத்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சின்னச் செய்தி, நீங்கள் கடிதம் எழுதுகிற ஆள் என்பதால். பஸ்தகியாவின் ஒரு பகுதியை எப்போதோ இடித்துவிட்டார்கள். 1989இல் மிச்சத்துக்கும் நாள் குறித்தபோது, அங்கே ஒரு வீட்டைச் சீர்படுத்திக் குடியிருந்த ரெய்னர் ஓட்டர் என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர், துபாய்க்கு வரவிருந்த இளவரசர் சார்லஸுக்கு ஒரு கடிதம் போட்டார். சார்லஸ் வந்து சந்து சந்தாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதைக் காப்பாற்றுங்கள் என்றார். இடிப்பது நின்றது. நீங்கள் போய் உட்கார்ந்திருந்த நிழல் ஒரு கடிதத்தால் மிஞ்சியது.

இனி உங்கள் பிளான். அதில் ஏற்கெனவே ஒரு பர்ஜீல் இருக்கிறது, நீங்களும் பார்க்கவில்லை, இன்ஜினியரும் பார்க்கவில்லை. மாடிப்படி. கீழ்த்தளத்திலிருந்து, மொட்டை மாடியில் படியை மூடி நிற்கும் ஹெட்ரூம் வரை ஒரே குழாயாக மேலே போகிறது. வீட்டுச் சூடெல்லாம் அங்கேதான் போய்க் குவியும். நம் ஆட்கள் அதன் தலையில் ஓர் இரும்புக் கதவைப் போட்டு, நாலு பக்கமும் சுவர் எழுப்பி அடைத்துவிடுவார்கள். அந்த ஹெட்ரூமின் கிழக்கிலும் மேற்கிலும் கூரைத் தளத்தை ஒட்டி இரண்டடி உயரத்துக்கு ஜாலி வையுங்கள். மேலே இரண்டரை அடி சன்ஷேடு. உள்பக்கம் கொசுவலை, புயலுக்கு மூடிக்கொள்ள ஒரு பலகைக் கதவு. தனியாகச் செலவு என்று பெரிதாக இல்லை, கோபுரமும் வெளியே தெரியாது, யாரும் செருப்பைக் கழற்ற மாட்டார்கள்.

இரண்டாவது, வாசலுக்கும் கொல்லைக்கும் நடுவில் அந்த நேர்க்கோட்டை உடைக்காதீர்கள். பிளானில் சரியாக நட்ட நடுவில் அட்டாச்டு பாத்ரூம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைத் தூக்கி மேற்குச் சுவரோரம் போடுங்கள், ஸ்டோர் ரூமையும் சேர்த்து. மேற்கு வெயிலை அவை வாங்கிக்கொள்ளட்டும். முப்பதடி அகலத்தில் பெரிய முற்றம் முடியாது, தெரியும். ஆறுக்கு ஆறு விட்டால்கூடப் போதும். மேலே கம்பி வலை போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் வெளியேற நாலங்குலக் குழாய்க்குப் பதில் ஆறங்குலம் போடுங்கள். ஏசி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஓர் அறையில் வையுங்கள், சித்திரையில் தூக்கம் வர வேண்டுமே.

கடைசியாக, ஹாலின் மேற்குச் சுவரில் எலிவேஷனுக்காக வரைந்திருக்கிற பத்தடிக் கண்ணாடி. 2009இல் நான் வீடு கட்டியபோது எனக்கும் அதையேதான் வரைந்து கொடுத்தார்கள். தாத்தா வீட்டுத் தேக்குத் தூண்களை மரக்கடைக்குப் போட்ட காசில் அந்தக் கண்ணாடியை வாங்கினேன். இன்றைக்கு அதன்மேல் பழைய போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறோம். முடிவெடுக்கும் முன் மே மாதம் ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்து, அந்த ஹாலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இன்ஜினியரையும் கூட்டி வாருங்கள். மோர் தருகிறேன், ஃபேன் போட மாட்டேன்.