உறையும்போது டிஸ்க் விளக்கைப் பாருங்கள்
உங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டரில், பிரவுசரில் பத்து டேப் திறந்ததும் மவுஸ்கூட நகரவில்லை, பவர் பட்டனை அழுத்தித்தான் அணைக்கிறேன் என்கிறீர்கள். 4 ஜிபி ரேம் என்பதால் எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். உறையும்போது ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறதா? அப்படியென்றால் ரேம் நிரம்பி, ஸ்வாப்புக்கும் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) ரேமுக்கும் இடையே லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அல்லாடிக்கொண்டிருக்கலாம். பவர் பட்டனைத் தொடாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, கொஞ்சம் பொறுத்தால் கன்சோல், அதாவது கட்டளை தட்டும் எழுத்துத் திரை வரும்; அங்கிருந்து பிரவுசரை மட்டும் கொன்றுவிடலாம். அப்புறம் இசட்ரேம் போடுங்கள், ரேமில் இருப்பதையே சுருக்கி வைக்கும்.

விளக்கு எரியவில்லை என்றால் கதை வேறு, கிராபிக்ஸ் டிரைவராக இருக்கலாம். பிரவுசர் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை (படம், வீடியோ காட்டும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) அணைத்துப் பாருங்கள். என் பழைய டெஸ்க்டாப் வீடியோ ஓடும்போது மட்டும் உறையும்; இதை அணைத்ததும் சரியானது.

எதற்கும் முந்தைய பூட்டின், அதாவது உறைந்துபோன அந்தத் தடவையின் ஜர்னல் லாக்கில் (சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவு) கடைசி இருபது வரிகளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.