இணையம்: வாசகர் கேள்வி – பதில்
மன்றத் திரிகளை ஆர்எஸ்எஸ் வழியே தொடர்வது

கேள்வி: நான்கைந்து மன்றங்களில் உறுப்பினராக இருக்கிறேன். தினமும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க முடியவில்லை. மின்னஞ்சல் அறிவிப்பு வைத்தால் இன்பாக்ஸ் நிரம்பிவிடுகிறது. ஆர்எஸ்எஸ் உதவுமா? அது கூகுள் ரீடரோடு முடிந்துவிட்டது என்கிறார்களே?

பதில்: உதவும். ஒரு தளத்தில் புதிதாக வருபவற்றைப் பட்டியலாகத் தரும் ஓடையின் (ஃபீட்) ஒரு வடிவம்தான் ஆர்எஸ்எஸ். 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் நிறுத்தப்பட்டது. 2018 டிசம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 64இல், ஓடையை உலாவியிலேயே காட்டிய லைவ் புக்மார்க் வசதியும் போனது. இரண்டுமே ஓடையைப் படிக்கும் கருவிகள் (ரீடர்கள்) தான். ஓடையைத் தருவது அந்தந்தத் தளம், அது நிற்கவில்லை. நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்கூட ஆர்எஸ்எஸ் ஓடையில்தான் வருகிறது.

கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் இருந்தால் வேறு எதுவும் நிறுவ வேண்டாம். ஃபைல் மெனுவில் நியூ, அதற்குள் ஃபீட் அக்கவுண்ட் என்று போய் ஒரு பெயர் கொடுங்கள். இடப்பக்கம் தோன்றும் அந்தக் கணக்கின் மேல் வலது கிளிக் செய்து, சப்ஸ்கிரைப் என்பதில் ஓடையின் முகவரியை ஒட்டுங்கள். பதிப்புக்குப் பதிப்பு மெனு சற்று இடம் மாறும். ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு நெட்நியூஸ்வயர், ஆண்ட்ராய்டுக்கு ஃபீடர், இரண்டும் இலவசம். மன்றத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்துக்கொண்டால் படிப்பது எளிது.

கேள்வி: முன்பெல்லாம் ஆரஞ்சு நிற ஐகான் இருக்கும். இப்போது எந்த மன்றத்திலும் அதைக் காணவில்லை. முகவரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மன்றம் எந்த மென்பொருளில் ஓடுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டிஸ்கோர்ஸ் மென்பொருளில் ஓடும் மன்றம் என்றால், திரியின் (ஒரு தலைப்பின் கீழ் நடக்கும் உரையாடல்) முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஆர், எஸ், எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் போதும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: நடுவில் ஏதோ ஒரு பதிலில் நின்றபடி முகவரியை நகலெடுத்தால் கடைசியில் அந்தப் பதிலின் எண்ணும் சேர்ந்து வரும். அதை நீக்கிவிட்டுத்தான் புள்ளி வைக்க வேண்டும். ரெட்டிட்டிலும் இதே புள்ளி முறைதான். ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தளங்களில் கேள்விப் பக்கத்தின் அடியிலேயே அதன் ஓடைக்கு இணைப்பு இருக்கிறது. வேர்ட்பிரஸ் பதிவின் பின்னூட்டங்கள் வேண்டுமானால் பதிவின் முகவரிக்குப் பின் சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிஎச்பிபிபி (phpBB) என்ற மென்பொருளில் ஓடும் மன்றங்களில் நிர்வாகி அந்த வசதியை இயக்கியிருந்தால்தான் ஓடை கிடைக்கும். இல்லையென்றால் அவரிடம் கேளுங்கள், அமைப்புப் பக்கத்தில் ஒரு தேர்வை மாற்றும் வேலைதான்.

தமிழ் விக்கிப்பீடியாவின் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தைத் தொடர விரும்புவோர் அப்பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால் ஆட்டம் (Atom) என்ற இணைப்பைக் காணலாம். ஆட்டமும் ஆர்எஸ்எஸ் போன்ற ஓடைதான், எல்லா ரீடரும் ஏற்கும். யார் எந்த வரியைச் சேர்த்தார் என்ற வேறுபாடும் அதிலேயே வருவதால் நீண்ட உரையாடலுக்கு இதைவிட வசதியானது இல்லை.

கேள்வி: ஓடையைச் சேர்த்துவிட்டேன். ஆனால் மன்றத்தில் முப்பது பதில் வந்திருக்கிறது, ரீடரில் பத்துதான் இருக்கிறது. ஏன்?

பதில்: இந்தக் குறை பலருக்கும் உண்டு. இரண்டு காரணங்கள்.

முதலாவது, ஓடை என்பது களஞ்சியம் அல்ல, ஒரு சன்னல். கடைசியாக வந்த சில பதிவுகள் மட்டுமே அதில் இருக்கும். வேர்ட்பிரஸ் முன்னமைவாக 10 பதிவுகளையும், ரெட்டிட் 25 பதிவுகளையும் தருகின்றன. 10 பதிவுகள் மட்டும் தரும் ஓடையில், மணிக்கு 15 பதில் வரும் சூடான திரியை வைத்துக்கொள்வோம். தண்டர்பேர்ட் முன்னமைவாக 100 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. அதற்குள் 25 பதில் வந்திருக்கும்; சன்னலில் 10 மட்டும் தெரியும்; 15 பதில் உங்கள் ரீடருக்கு வரவே வராது. இரவு கணினியை அணைத்துவைத்தால் இழப்பு இன்னும் கூடும். கணக்கின் அமைப்பில் இடைவெளியை 30 நிமிடமாகக் குறையுங்கள். கணினி எந்நேரமும் ஓடாது என்றால் ஃபீட்லி, இனோரீடர் போன்ற இணையவழி ரீடர்களுக்கு மாறுங்கள். நீங்கள் தூங்கும்போதும் அவற்றின் சர்வர்கள் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்.

அதற்காக இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துவிடாதீர்கள். சர்வர் 429 என்ற பிழை எண்ணை அனுப்பிச் சிறிது நேரம் உங்களைத் தடுத்துவிடும். ரெட்டிட்டில் இது சீக்கிரமே நடக்கும். அங்கே பல குழுக்களைத் தொடர்கிறவர்கள் குழுப் பெயர்களுக்கிடையே கூட்டல் குறி போட்டு ஒரே ஓடையாக வாங்கினால் கோரிக்கைகள் குறையும். ஆனால் அந்த 25 பதிவுகளையும் அத்தனை குழுக்களும் பங்கு போட்டுக்கொள்ளும் என்பதால், பரபரப்பான குழுவைத் தனியாகவே வையுங்கள்.

இரண்டாவது காரணம், தவறான ஓடையைப் பிடித்திருப்பது. ஒரு பிரிவின் ஓடை புதிய திரிகளைச் சொல்லுமே தவிர, பழைய திரியில் விழும் பதில்களைச் சொல்லாது. பிரிவின் ஓடையை வைத்துப் புதுத் திரிகளைக் கவனியுங்கள். உங்களுக்கு வேண்டிய திரி கண்ணில் பட்டதும் அந்தத் திரியின் ஓடையைத் தனியே சேருங்கள். பேச்சு ஓய்ந்ததும் நீக்கிவிடுங்கள். முழு மன்றத்தையும் சேர்த்துவிட்டு ஆயிரக்கணக்கில் படிக்காத பதிவுகளோடு திண்டாடுவதைவிட இப்படிப் பத்துத் திரிகளைத் தொடர்வதே பயன்தரும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: ஒரு தளத்தின் ஓடை நேற்றுவரை வந்தது. இன்று எக்ஸ்எம்எல் பிழை என்கிறது.

பதில்: ஓடை எழுதப்படும் வடிவம்தான் எக்ஸ்எம்எல். யாரோ தலைப்பில் போட்ட ஆம்பர்சேண்ட் (&) குறி, உரிய மாற்றெழுத்து இல்லாமல் அப்படியே ஓடைக்குள் போனாலே முழு ஓடையும் படுத்துவிடும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு நடத்தும் ஃபீட் சோதனைப் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் பிழை எந்த வரியில் என்று காட்டும். அதை நிர்வாகிக்கு அனுப்புங்கள். சரிசெய்ய வேண்டியது அவர்தான். தமிழ் எழுத்து மட்டும் சிதைந்து வந்தால், ஓடை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியேற்றத்தில் இருப்பதாகச் சரியாக அறிவிக்கப்படவில்லை என்று பொருள்.

கேள்வி: லாகின் செய்தால்தான் தெரியும் திரிகளையும் இப்படித் தொடரலாமா?

பதில்: பொதுவாக முடியாது. ரீடர் வெளியாளாகத்தான் வந்து பார்க்கிறது. சில தளங்கள் உங்களுக்கு மட்டுமான ரகசியக் குறியீட்டை முகவரியிலேயே வைத்து ஓடை தருகின்றன. விக்கிப்பீடியாவின் கவனிப்புப் பட்டியல் ஓடை அப்படிப்பட்டது. அந்த முகவரி யார் கையில் கிடைத்தாலும் உங்கள் பட்டியலைப் பார்க்கலாம். நண்பருக்கு உங்கள் ஓடைகளை ஓபிஎம்எல் (ஓடை முகவரிகளின் பட்டியல்) கோப்பாகக் கொடுக்கும்போது இத்தகைய முகவரிகளை முதலில் நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் விருப்பத்தேர்வுகளில் குறியீட்டை மாற்றுங்கள். பழைய முகவரி அதோடு செல்லாமல் போகும்.