சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகலாமா?

வணக்கம் சார்,

சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். ஊர் திண்டிவனம் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, அப்புறம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். இத்தனை நாளும் மென்பொருளைக் கையால் ஓட்டிப் பார்த்துப் பிழை தேடும் மேனுவல் டெஸ்டிங்தான். ஒரு வருடமாக யூடியூப் பார்த்துப் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்றுக்கொண்டு சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். எங்காவது மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் இல்லை. டெவலப்பர்களிடம் கேட்டால், "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்பது போலப் பார்க்கிறார்கள்.

சென்னையில் பைத்தான் குழு ஒன்று மாதாமாதம் சனிக்கிழமை கூடுகிறது என்று விடுதித் தோழி சொன்னாள். போக ஆசை. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் பெரிய ஆட்களாக இருப்பார்கள், ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள், நான் ஒருத்திதான் பெண்ணாக இருப்பேன் என்று பயமாக இருக்கிறது. "ஏஐ-யிடம் கேட்டால் பதில் வந்துவிடுகிறது, இதற்கு ஒரு சனிக்கிழமையை ஏன் வீணடிக்கிறாய்?" என்கிறார் டீம் லீட். போனால் வேலை மாற உதவுமா? தம்பி விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறான். அந்தப் பக்கம் இதுபோல ஏதாவது உண்டா? பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

போங்கள். இந்த மாதக் கூட்டத்துக்கே போங்கள். இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டு போகலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்த "கொஞ்சம்" எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, அது வளர்ந்துகொண்டே போகும்.

உங்கள் டீம் லீட் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன், அது நியாயமான கேள்வி. ஏஐ பதில் சொல்கிறது, உண்மை. ஆனால் நாம் கேட்டதற்குத்தான் சொல்கிறது. யூடியூபில் தனியாகக் கற்றுக்கொள்பவருக்கு, எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம். அலுவலகத்திலும் இது தீராது. அங்கே எல்லாரும் முடித்த வேலையைத்தான் காட்டுவார்கள். காலையில் நடக்கும் ஸ்டாண்ட்-அப் என்ற சின்னக் கூட்டத்தில் "முடிந்தது", "நடந்துகொண்டிருக்கிறது" என்ற இரண்டு வார்த்தைகளோடு சரி. நடுவில் எங்கே திணறினார், எதை எப்படி யூகித்தார், எதை அழித்துவிட்டு மறுபடி எழுதினார் என்பதெல்லாம் வெளியே வராது. அப்ரைசல் இருக்கும் இடத்தில் யாரும் தன் திணறலைக் காட்ட மாட்டார்கள்.

குழுக் கூட்டத்தில் அதைக் கண்ணால் பார்க்கலாம். பத்து வருட அனுபவம் உள்ளவர் எல்லார் முன்னிலையிலும் கட்டளை தட்டும் டெர்மினல் திரையைத் திறக்கிறார். ஓட்டிக்காட்ட வந்த புரோகிராம் ஓடவில்லை, திரை முழுக்க எரர். அவர் பதறாமல் நேராகக் கடைசி வரிக்குப் போகிறார். பைத்தானில் பிழையின் பெயர் கடைசி வரியில்தான் இருக்கும். அங்கிருந்து மேலே ஏறி, எந்தக் கோப்பு, எந்த வரி என்று பார்க்கிறார். "இது நம்ம கோட் இல்ல, லைப்ரரி. இன்னும் மேலே போவோம்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே தேடுகிறார். லைப்ரரி என்றால் வேறு யாரோ எழுதி வைத்த, நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோட். வீடியோவில் இந்தப் பகுதியை வெட்டித் தூக்கிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த வெட்டிய பகுதிதான்.

சரி, அங்கே என்னதான் நடக்கும்? மூன்று மணி என்று போட்டிருந்தால், புரொஜெக்டர் கேபிளோடு போராடி முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். பிறகு ஒரு சுற்று அறிமுகம். பெயர், என்ன செய்கிறேன், எதற்கு வந்தேன் என்று மூன்று வாக்கியம் போதும். அப்புறம் ஒன்றிரண்டு பெரிய உரைகள். கடைசியில் லைட்னிங் டாக் என்று ஐந்து நிமிடப் பேச்சுகள். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம்.

அப்படி ஒரு ஐந்து நிமிடம் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. கல்லூரி மாணவர் ஒருவர் வந்து, 'தமிழ்' என்ற சொல்லைப் பைத்தானில் கொடுத்து நீளம் கேட்டார். 5 என்று வந்தது. பின்வரிசையிலிருந்து "மூணு எழுத்துதானே?" என்று ஒரு குரல். அவர் அந்தச் சொல்லைப் பிரித்துத் திரையில் வரிசையாகக் காட்டினார். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொது முறையான யூனிகோடு இவற்றை ஐந்து தனிக் குறிகளாகத்தான் வைத்திருக்கிறது. அடுத்து அந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பினார். புள்ளி முன்னால் வந்து எதிலும் ஒட்டாமல் தொங்கியது. இகரக் குறி ம-வை விட்டு ழ-வோடு ஒட்டி 'ழி' ஆகிவிட்டது. அரங்கம் சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்காமல் எழுந்து, "எங்க ஆப்ல தமிழ் மெசேஜை இத்தனை கேரக்டர்னு வெட்டுறோம், கடைசி எழுத்து எப்பவும் உடைஞ்சு வருது. இதுதான் காரணமா?" என்று கேட்டார். இன்னொருவர், எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் லைப்ரரியைச் சொன்னார். தேநீர் நேரம் முழுக்க அதே பேச்சு. அந்த மாணவர் பேசியது தமிழில். யாரும் குறையாக நினைக்கவில்லை.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் பயப்படுவதற்கு இதற்கு மேல் என்ன சொல்ல? சென்னைக் கூட்டங்களில் ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கும், உரையும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். கேள்வியைத் தமிழில் கேளுங்கள், பதில் தமிழில் வரும். தேநீர் நேரத்தில் எல்லாமே தமிழ்தான். அதுவும் தயக்கமாக இருந்தால், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியில் தமிழிலேயே கூடிப் பேசுகிறார்கள். கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். 2012-இல் தொடங்கிய கணியம் என்ற மின்னிதழும் இந்த வட்டத்தில் பிறந்ததுதான். லினக்ஸ், பைத்தான், டேட்டாபேஸ் என்று தமிழில் எழுதிய மின்னூல்களை இலவசமாகவே தருகிறார்கள். தமிழ்வழியில் படித்த உங்களுக்கு அவை பெரிய துணை.

"பெரிய ஆட்கள்" என்று எழுதியிருந்தீர்கள். இந்த மாதிரிக் கூட்டங்களுக்கெல்லாம் முன்னோடியான ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். 1975 மார்ச் 5, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் முப்பது பேர் போலக் கூடினார்கள். ஆல்டேர் 8800 என்ற கணினி அப்போதுதான் வந்திருந்தது. சொந்தமாகக் கணினி செய்ய ஆசைப்பட்டவர்களின் கூட்டம் அது. ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்று பெயர். அன்று வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வாஸ்னியாக், எச்பி நிறுவனத்தில் கால்குலேட்டர் வடிவமைத்துக்கொண்டிருந்த இளைஞர். கடும் கூச்ச சுபாவம். மற்றவர்கள் பேசிய, கணினியின் மூளையான மைக்ரோபிராசசர் பற்றிய விஷயம் எதுவும் தனக்குத் தெரியவில்லையே, ஏன் வந்தோம் என்று சங்கடத்தோடு உட்கார்ந்திருந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். போகும்போது ஒரு மைக்ரோபிராசசரின் விவரத்தாளை எடுத்துக்கொண்டு போனார். அதை அன்றிரவு படித்தபோதுதான் சொந்தக் கணினிக்கான வழி அவருக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு அது ஆப்பிள் 1 ஆக வந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஆப்பிள் இல்லை, அவர் அந்தக் குழுவில் இருந்த விதம். அவர் மேடையேறிப் பேசவில்லை. தான் செய்ததைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார், சர்க்யூட் வரைபடத்தை நகலெடுத்து வேண்டியவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பார். ஆர்வம் உள்ளவர்கள் தானாக வந்து கேட்பார்கள். கூச்சமுள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அந்தக் கூட்டங்களில் பொதுப் பேச்சு முடிந்ததும், யார் யாரிடம் வேண்டுமானாலும் போய்ப் பேசிக்கொள்ளத் தனியாக நேரம் விட்டிருந்தார்கள். நம் கூட்டங்களில் தேநீர்தான் அந்த நேரம். உரை முடிந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள்.

நீங்கள் டெஸ்டர் என்பதை ஒரு குறை போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. என்ன செய்தேன், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது, மறுபடி வரவைக்க என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பிழையை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்கள் எந்தக் குழுவிலும் குறைவு. டெவலப்பர்களில் பலருக்கு இது வராது. "ஓடல" என்று ஒரு வரி எழுதி அனுப்புவார்கள். நீங்கள் தினமும் செய்கிற வேலை அது. அங்கே யாராவது கோட் எல்லாருக்கும் திறந்திருக்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ் கருவியைக் காட்டினால், வீட்டுக்கு வந்து ஓட்டிப் பாருங்கள், தமிழ் எழுத்துகளைக் கொடுத்துப் பாருங்கள். உடைந்தால் அலுவலகத்தில் எழுதுவது போலவே எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் அவரே உங்களைத் தேடி வருவார். உங்கள் சந்தேகத்தையும் இதே ஒழுங்கில் கேளுங்கள், பாதி பதில் அப்போதே கிடைத்துவிடும்.

பெண்கள் குறைவாகத்தான் வருகிறார்கள். அதை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. சில மாதங்களில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். இந்த நிலையை மாற்றத்தான் 2011-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஏழு பெண்கள் சேர்ந்து பைலேடீஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. பெண்களுக்கு இணையப் புரோகிராமிங் சொல்லித்தரும் ஜாங்கோ கேர்ள்ஸ் 2014-இல் பெர்லினில் தொடங்கியது. முதல் முறை அந்த விடுதித் தோழியை அழைத்துக்கொண்டு போங்கள், அவளுக்குப் பைத்தான் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நடத்தை விதிகள் உண்டா, ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அந்தக் குழு அறிவித்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல குழுக்கள் இதைத் தாங்களாகவே சொல்லும். கேட்டதற்கு முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம். யாராவது தேவையில்லாமல் எண் கேட்டுத் தொந்தரவு செய்தால், சகித்துக்கொண்டு போக வேண்டியதில்லை, ஒருங்கிணைப்பாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

வேலை மாற உதவுமா என்றால், உதவும், ஆனால் மெதுவாக. முதல் நாளே பயோடேட்டாவோடு போகிறவரை யாருக்கும் நினைவிருக்காது. ஆறு மாதம் ஒரு முகத்தைப் பார்த்து, அவர் எப்படி யோசிக்கிறார் என்று தெரிந்த பிறகு, "எங்க கம்பெனில ஆட்டோமேஷன் டெஸ்டிங்குக்கு ஆள் எடுக்கிறாங்க, அனுப்பறீங்களா?" என்று கேட்பார்கள்.

கம்யூனிட்டி என்ற பெயரில் வருவதெல்லாம் இந்த வகை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலவசப் பட்டறை என்று அழைத்து, கடைசி அரை மணி நேரம் பயிற்சிக் கட்டணம் பேசுவார்கள். டி-ஷர்ட் கொடுத்துத் தங்கள் பொருளை மட்டும் விளம்பரப்படுத்துவார்கள். பேசுகிறவர்கள் உறுப்பினர்களா, விற்க வந்தவர்களா என்று கவனித்தால் தெரிந்துவிடும். சென்னை பைத்தான் குழுவும், ஐஐடி வளாகத்தில் பல ஆண்டுகள் இரண்டாம் சனிக்கிழமைகளில் கூடிவந்த சென்னை லினக்ஸ் பயனர் குழுவும் தன்னார்வலர்கள் சொந்த நேரத்தைக் கொடுத்து வளர்த்தவை. 2009-இல் பெங்களூரில் தொடங்கிய பைகான் இந்தியா என்ற பைத்தான் மாநாட்டை நடத்துவதும் இப்படிப்பட்ட தன்னார்வலர்கள்தான். 2019-இல் அது சென்னையிலேயே நடந்தது. கூடும் இடமும் நேரமும் மாறும், கிளம்புவதற்கு முன் அந்த மாத அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, அலுவலகத்தில் எழுதிய புரோகிராமை அங்கே திறந்து காட்டாதீர்கள். சந்தேகம் அதில்தான் என்றாலும், அதே பிரச்சினை வருகிற மாதிரி பத்து வரியில் புதிதாக எழுதிக்கொண்டு போங்கள். அதை எழுதும்போதே பல சமயம் விடை தெரிந்துவிடும்.

தம்பிக்கு ஊரிலேயே நல்ல இடம் இருக்கிறது. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாகக் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கற்றுத்தருகிறது. பெரிய நிறுவனங்கள் இல்லாத ஊரில் இப்படி ஒன்றைக் கட்டி எழுப்பியவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. லேப்டாப் இல்லை, ஆங்கிலம் வராது என்றெல்லாம் தயங்காமல் ஒரு வார இறுதியில் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நீங்களும் அவனோடு போங்கள். டெஸ்டிங் என்றால் என்ன, ஒரு பிழையை எப்படி எழுத வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் சொல்லித்தர உங்களால் முடியும்.

அன்புடன்.