ஐந்து ஏரி, இரண்டு நாடு, மூன்று டன்: சரக்குக் கப்பல் கேள்வி பதில்

ஸ்கார்பரோ வாசகர்: ஐயா, கொழும்பிலை இருந்து வாற கன்டெய்னர் கப்பல் ஏன் நேரே டொராண்டோவுக்கு வாறதில்லை? வாசலிலை ஏரி கிடக்குதே.

ஒன்டாரியோ ஏரி கிடக்கிறது, நடுவில் லாக்குகளும் (கப்பலை நீர்மட்டத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் மதகு அறைகள்) கிடக்கின்றன. கடலிலிருந்து ஐந்து பேரேரிகளுக்கு வரும் செயின்ட் லாரன்ஸ் நீர்வழியில், மாண்ட்ரியலைத் தாண்டி நுழையும் கப்பல் 225.5 மீட்டர் நீளம், 23.77 மீட்டர் அகலம், 8.08 மீட்டர் டிராஃப்ட் (நீருக்குள் அமிழும் ஆழம்), நீருக்கு மேலே 35.5 மீட்டர் உயரம் என்ற அளவுக்குள் அடங்க வேண்டும். பெரிய கன்டெய்னர் கப்பல்கள் இன்று 400 மீட்டரைத் தொடுகின்றன. போதாததற்கு டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி தொடக்கத்திலிருந்து மார்ச் பிற்பகுதி வரை வழி மூடிவிடும். பன்னிரண்டு மாதமும் கடைக்குச் சரக்கு வேண்டியவர் அதை நம்ப மாட்டார். அதனால்தான் ஹாலிஃபாக்ஸிலோ மாண்ட்ரியலிலோ இறக்கி ரயிலில் அனுப்புகிறார்கள்.

ஹாமில்டன், ஸ்டீல் இறக்குமதி: ஆன்ட்வெர்ப்பில் காயில் (சுருட்டிய எஃகுத் தகடு) ஏற்றுகிறோம். லாக்கில் 8.08 மீட்டர் அனுமதி. அங்கேயே 8.08 வரை ஏற்றிவிடலாமா?

ஏற்றினால் மாண்ட்ரியல் வாசலில் நிற்பீர்கள். உப்புநீரின் அடர்த்தி 1.025, ஏரி நீருடையது 1.000. அதே எடையோடு நன்னீருக்குள் வரும் கப்பல் இன்னும் கொஞ்சம் அமிழும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது: கப்பலின் மொத்த எடையை, ஒரு சென்டிமீட்டர் அமிழ எத்தனை டன் வேண்டுமோ அதன் நான்கு மடங்கால் வகுத்தால் விடை மில்லிமீட்டரில் வரும். மொத்த எடை 36,000 டன், சென்டிமீட்டருக்கு 50 டன் என்றால் 36,000 ÷ 200 = 180 மி.மீ. அதாவது 18 சென்டிமீட்டர். அந்த 18 சென்டிமீட்டர், சரக்குக் கணக்கில் 900 டன்.

வழியில் எரியும் எண்ணெயைக் கழித்துக்கொள்ளலாம். நாளுக்கு 25 டன் வீதம் 12 நாள் என்றால் 300 டன், 6 சென்டிமீட்டர் கிடைக்கும். ஆனால் அந்த 6 சென்டிமீட்டர் முழுவதையும் புறப்படும்போதே செலவழித்துவிடாதீர்கள். பின்பக்கம் சற்று அமிழ்ந்து வந்தாலே போயிற்று. லாக்கில் பார்ப்பது சராசரியை அல்ல, அதிகமாக அமிழ்ந்த முனையை. சமமாக நிறுத்த முன்பக்கம் பேலாஸ்ட் (கப்பலைச் சமநிலைப்படுத்தத் தொட்டியில் நிரப்பும் நீர்) ஏற்றினால் மொத்த எடை கூடி, எல்லாமே இன்னும் இறங்கும். கடைசியில் மாண்ட்ரியலில் கிரேனும் லாரியும் தேடி நூறு இருநூறு டன் காயிலை இறக்க வேண்டிவரும். அந்தச் செலவு, கூடுதலாக ஏற்றிய சரக்கின் கூலியைத் தின்றுவிடும்.

இன்னொன்று, இதை ஒவ்வொரு முறையும் சொல்வேன்: ஒப்பந்தத்தில் 'டன்' என்று மட்டும் எழுதாதீர்கள். கனடா எழுதும் மெட்ரிக் டன் 1,000 கிலோ. அமெரிக்கர் எழுதும் ஷார்ட் டன் 907. ஏரியில் இரும்புத்தாது பேசப்படும் லாங் டன் 1,016. '25,000 டன்' என்ற ஒரே வரியில் 2,700 மெட்ரிக் டன் வழக்கு ஒளிந்திருக்கிறது.

சென்னை மாணவர்: ஆயிரம் அடி நீளக் கப்பல்கள் ஏரியில் ஓடுகின்றன என்று படித்தேன். அவை லாக்கில் எப்படிப் போகும் சார்?

சுப்பீரியர் ஏரியின் வாசலில் உள்ள சூ லாக்குகளில் 'போ' லாக் 1,200 அடி நீளம், 110 அடி அகலம். அது ஒன்றில் மட்டும் போகும். ஈரி ஏரியை ஒன்டாரியோ ஏரியோடு இணைக்கும் வெல்லன்ட் கால்வாயில் நுழையாது, ஆகவே ஈரி ஏரிக்குக் கீழே அவை வந்ததே இல்லை. மேல் ஏரிகளிலேயே கட்டி, அங்கேயே ஓடி, அங்கேயே உடைபடும். தண்ணீர் ஓர் அங்குலம் கூடினால் அப்படிப்பட்ட கப்பல் சுமார் 270 டன் அதிகம் ஏற்றும். (ஷார்ட் டன்!)

டெட்ராய்ட், சரக்கு முகவர்: டுலூத்திலிருந்து கிளீவ்லாந்துக்கு ஒரு லோடு. அமெரிக்கக் கப்பல் கிடைக்கவில்லை. கனடியக் கப்பலில் ஏற்றி எதிர்க்கரையில், கனடாவின் வின்ட்சரில் இறக்கி, லாரியில் பாலம் தாண்டினால் ஜோன்ஸ் சட்டம் (அமெரிக்க இடங்களுக்கு நடுவே அமெரிக்கக் கப்பலே ஏற்ற வேண்டும் என்பது) தொடாதுதானே?

தொடும். இரண்டு அமெரிக்க இடங்களுக்கு நடுவே நீர்வழி ஒரு பகுதியாக இருந்தாலே போதும், நேராகப் போனாலும் வெளிநாட்டுத் துறைமுகம் வழியாகப் போனாலும் என்று 1920-இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். தண்டனை சரக்கின் மதிப்பளவு போகலாம்.

வேறொருவர்: கனடிய ரயிலில் கொஞ்ச தூரம் போனால் விலக்கு உண்டே?

உண்டு. அதை வைத்து விளையாடியவர்கள் கதையும் உண்டு. அலாஸ்கா மீனை வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் நியூ பிரன்ஸ்விக்கின் பேசைட் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, லாரியை ரயில் பெட்டியில் ஏற்றி, சுமார் நூறு அடித் தண்டவாளத்தில் முன்னே தள்ளிப் பின்னே இழுத்து, 'ரயிலில் போயாயிற்று' என்று எல்லை தாண்டினார்கள். 2021-இல் அமெரிக்கச் சுங்கத்துறை விதிக்க முனைந்த அபராதம் 35 கோடி டாலர் அளவு.

டெட்ராய்ட் முகவர்: சரி, வின்ட்சரில் வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டால்?

விற்பனைச் சீட்டு யாருக்கு வேண்டும்? அங்கே சரக்கு வேறு பொருளாக மாறியதா என்பதே கேள்வி. கோதுமை மாவானால் பேசலாம். கோதுமை வேறு மூட்டைக்கு மாறினால் பேச முடியாது.

மூன்றாமவர்: அப்படியானால் இந்தச் சட்டமே கப்பல் கட்டும் முதலாளிகளுக்குத்தானே? கனடாக்காரன் நிம்மதியாக இருக்கிறான்.

பாதி சரி. கனடாவும் தன் கரையோர வணிகத்தைத் தன் கப்பலுக்கே ஒதுக்குகிறது. தண்டர் பேயிலிருந்து ஹாமில்டனுக்கு அமெரிக்கக் கப்பல் தனி உரிமம் இல்லாமல் ஏற்ற முடியாது. வித்தியாசம், கப்பலை எங்கே கட்டுவது என்பதில். வெளிநாட்டில் கட்டிய பெரிய சரக்குக் கப்பலுக்கான 25 சதவீத வரியைக் கனடா 2010-இல் நீக்கியது. சீனாவில் கட்டிய புதிய கப்பல்கள் வந்து இறங்கின. அமெரிக்கச் சட்டமோ உள்நாட்டில்தான் கட்ட வேண்டும் என்கிறது. 1983-க்குப் பிறகு அங்கே கட்டிய முதல் ஏரிச் சரக்குக் கப்பல் 2022-இல்தான் ஓடத் தொடங்கியது. கொடியும் மாலுமியும் உள்நாட்டுடையதாக இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. கட்டும் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் குறுக்கே நிற்கிறது.

மூன்றாமவர்: நன்னீரில் துருப்பிடிக்காது, ஐம்பது வருடம் ஓடும். புதுக் கப்பல் எதற்கு?

உடம்பு ஓடும். எஞ்சின் குடிக்கும் எண்ணெயையும் சேர்த்துப் பாருங்கள். இந்த வழக்கு இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பிராம்டன் வாசகர்: இந்தியாவிலிருந்து கன்டெய்னர் ஏரி வழியாக...

முதல் பதிலைப் பாருங்கள்.

வின்ட்சர், சிறு வணிகர்: எதிர்க்கரைக்குக் கப்பலில் அனுப்பினால் பாலத்தைவிட மலிவா?

கூலி மலிவாகலாம். ஆனால் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும் இறக்குமதிச் சரக்குக்கு மதிப்பில் 0.125 சதவீதம் துறைமுகப் பராமரிப்பு வரி. பத்து லட்சம் டாலர் சரக்குக்கு 1,250 டாலர். அதே சரக்கு லாரியில் பாலம் ஏறினால் இந்த வரி இல்லை. உப்பு, கல், தாதுக்கு இது தூசி. இயந்திர உதிரிபாகத்துக்கு வலிக்கும்.

பெயர் சொல்லாதவர்: என் சரக்குக்கு இறக்குமதி வரி எவ்வளவு?

என்ன சரக்கு என்றே சொல்லவில்லையே. சுங்கக் குறியீட்டு எண்ணோடு கஸ்டம்ஸ் புரோக்கரிடம் போங்கள். வரி மாறும் வேகத்தில் இங்கே எழுதுவது நாளைக்குப் பொய்யாகும்.

கப்பல் மாலுமி, தூத்துக்குடி: முதல் முறை ஏரிக்கு வந்தேன். வந்துசேரும் நேரக் கணக்கு 15 சதவீதம் பிசகுகிறது. ஏன்?

அருமையான கேள்வி. ஏரிகளில் தூரத்தைத் தரை மைலில் சொல்வார்கள், 1.609 கிலோமீட்டர். நீங்கள் கடல் மைலில், 1.852-இல் கணக்குப் போட்டிருப்பீர்கள். வித்தியாசம் சரியாக அந்தப் பதினைந்துதான். வேகத்தையும் அவர்கள் மணிக்கு எத்தனை மைல் என்றுதான் சொல்வார்கள்.

கடலிலிருந்து வருகிறீர்கள் என்பதால்: பேலாஸ்ட் தொட்டி காலி என்று எழுதினாலும் விடமாட்டார்கள். அடியில் தங்கிய நீரையும் சேற்றையும் கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால் உப்புநீரால் அலசியிருக்க வேண்டும். தொட்டி நீரின் உப்பு ஆயிரத்தில் 30 பங்காவது காட்ட வேண்டும். 1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் தென்பட்ட வரிக்குதிரைச் சிப்பி இப்படி வந்ததுதான். மின்நிலையக் குழாய்களை எல்லாம் அது அடைத்துவிட்டது.

மிசிசாகா வாசகர்: பிப்ரவரியில் டுலூத்திலிருந்து 20,000 டன் தாது அனுப்பலாமா?

சூ லாக் ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை மூடியிருக்கும். ரயிலைப் பாருங்கள். எந்த டன்?